கால் சதவீதக் கனம்

மும்பையில், வங்கிகளுக்கே கடன் கொடுக்கிற பெரிய வங்கியில், ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி வட்டியைக் கால் சதவீதம் ஏற்றிய வாரத்தில், திருச்சி விமான நிலையத்தைத் தாண்டிப் புதுக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற பொன்னி நிவாஸ் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில், ஐந்து மாதக் குழந்தையான என் மகள் மீனலோசனி, நாங்கள் லோச்சு என்று கூப்பிடுகிறவள், என் கையில் கனத்துப் போனாள்.

குளிப்பாட்டித் துண்டில் சுற்றிக் கட்டிலில் கிடத்தியிருந்தேன். பவுடர் போட்டுவிட்டுத் தூக்கினால் வரவில்லை. முந்தின நாள் ஒரு கையில் அவளையும் மறு கையில் குக்கரையும் வைத்திருந்தவள் நான். இரண்டு கையாலும் இழுத்தேன், அரிசி மூட்டையை இழுக்கிற மாதிரி. அவள் பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தாள். அப்போதுதான் கைபேசியில் வங்கியிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது, தங்கள் வீட்டுக் கடனின் வட்டி விகிதம் திருத்தப்பட்டுள்ளது என்று. இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்.

"ராத்திரியெல்லாம் முழிச்சிருக்க, கை சோர்ந்திருக்கும். தள்ளு," என்று என் வீட்டுக்காரர் கதிரவன் வந்து குனிந்தார். தூக்கினார். அவருடைய முழங்கால் போய்க் கட்டிலில் இடித்தது. மெதுவாகத் திரும்பக் கிடத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"காலையில என்ன குடுத்த இவளுக்கு?"

"பால்தான்."

"வேற?"

"வேற என்ன குடுப்பேன், செங்கல்லா?"

டாக்டரம்மாவின் தராசில் அவள் ஆறரைக் கிலோவே இருந்தாள். வயசுக்குச் சரியான எடை, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே தராசிலிருந்து எடுக்கப் போன டாக்டரம்மாவின் வளையல்கள் குலுங்கின, தோள் இறங்கியது, பிறகு, "நீங்களே எடுத்துக்குங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டார். புது ஸ்கேன் மெஷினைக் கடனில் வாங்கிப் போட்டிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கான்வென்ட்டில் சிஸ்டர்மார் சொல்லிக்கொடுத்த ஜெபத்தையும் அம்மா சொல்லிக்கொடுத்த கவசத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன், எது முதலில் கேட்குமோ கேட்கட்டும் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாடிப்படியில் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது, கீழ்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அடைக்கலமேரி ஆன்ட்டி வந்தார்.

ஆன்ட்டி டெலிபோன் எக்சேஞ்சில் காதில் மாட்டிய கருவியோடு பாதி வயதைக் கழித்து, விருப்ப ஓய்வு வாங்கி, வந்த பணம் முழுவதையும் நாங்கள் கடன் வாங்கிய அதே வங்கியில் டெபாசிட்டாகப் போட்டு, அந்த வட்டியில் மாத்திரை, மளிகை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஆட்டோ என்று நடத்திக்கொண்டிருந்தவர். கணவரில்லை, பிள்ளையில்லை, தொலைக்காட்சிகூட இல்லை. என் கையிலிருந்து லோச்சுவை ஒற்றைக் கையால் வாங்கினார், கொடியில் காய்ந்த துண்டை உருவுகிற மாதிரி.

"ஏண்டி, பூ கனம்கூட இல்லையே இது. நீ சாப்பிடறியா இல்லையா?"

அடுத்த கூட்டத்தில் மும்பைக்காரர்கள் அரை சதவீதம் ஏற்றினார்கள். அதற்கடுத்ததில் இன்னொரு அரை. ஒவ்வொரு தடவையும் சில நாளில் வங்கிச் செய்தி வரும், செய்தி வந்த நிமிடம் லோச்சு இன்னும் கனப்பாள். மாதத் தவணை ஏறவில்லை, அதற்குப் பதில் கடன் முடிகிற வருஷம் தள்ளித் தள்ளிப் போய், அவள் காலேஜ் முடிக்கிற வருஷத்தையும் தாண்டிப் போய் நின்றது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் அடுக்ககச் சங்கத்துச் செயலாளர் ராமதுரை, ஓய்வுபெற்ற ஆடிட்டர். மாடிப்படியில் யார் யார் குழந்தையைத் தூக்குகிறார்கள், யார் கன்னத்தை மட்டும் கிள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று கவனித்து வந்தவர், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டிப் பிரச்சினையை ஒத்திவைத்துவிட்டு, லோச்சுவைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லோரிடமும் கொடுக்கச் சொன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடன் வச்சிருக்கறவங்க கையில கனக்குது. டெபாசிட் வச்சிருக்கறவங்க கையில லேசாகுது. மும்பையில ஏத்தினா பேங்க்ல ஏறுது, பேங்க்ல ஏறினா குழந்தையில ஏறுது. எறங்கினா எல்லாம் திரும்பும். புரிஞ்சுதா? சரி, இப்ப மோட்டார் ரிப்பேர்."

மோட்டாரைப் பற்றித்தான் சண்டை வந்தது.

பிறகு என் மகள் அந்தக் கட்டடத்துக்கு ஒரு வசதியாகிப் போனாள், லிஃப்ட் மாதிரி, ஜெனரேட்டர் மாதிரி. மூன்றாம் மாடியில் பைசா கடனில்லை என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தவர் ஒரு பிறந்தநாள் விழாவில் போட்டோவுக்காக அவளைத் தூக்கப் போய் முகம் கத்தரிக்காய் நிறமாகி, மறுநாளே அவர் வீட்டம்மா காரை விற்கச் சொல்லிவிட்டார். கையில் காலணா இல்லை என்று பிள்ளைகளிடம் அழுதுகொண்டிருந்த முதல் மாடிப் பெரியவர் மறதியாக இரண்டு விரலால் அவளைத் தூக்கிவிட, அதன்பிறகு மூன்று மருமகள்களும் அவருக்கு மாறி மாறிச் சுடுதண்ணீர் வைத்தார்கள். தஞ்சாவூரிலிருந்து எதிர் பிளாக்குப் பையனைப் பார்க்க வந்த பெண்வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டு முடித்து, காப்பியையும் குடித்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, "மாப்ள, அந்தக் குழந்தையைக் கொஞ்சம் தூக்குங்களேன் பாப்போம்" என்றார்கள். மாப்பிள்ளைக்கு அந்த நிமிடமே இடுப்புப் பிடித்துக்கொண்டது. கடனை அடைத்து முடித்தவர்கள் பால்கோவாவோடு வந்து அவளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். டெபாசிட்காரப் பெரியவர்கள் சாயங்காலம் முறை வைத்து அவளைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியில் நடந்தார்கள், மும்பை ஏற்றிய வாரங்களில் ஆளுக்கு இரண்டு சுற்று கூடுதலாக.

எங்கள் வாசலில் துணி தேய்க்கிற பூங்காவனத்துக்கு மட்டும் அவள் எப்போதும் ஒரே கனம். நல்ல கனம்தான், ஆனால் மாறாது.

"நான் பேங்க் படியே மிதிச்சதில்லம்மா. எனக்குக் குடுக்கறவரு சைக்கிள்ல வருவாரு. மும்பையில ஏறினாலும் அவருக்குப் பத்து வட்டி, எறங்கினாலும் பத்து," என்று சொல்லிக்கொண்டே அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள், தூக்கிப் பழகினவள்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, மற்றவர்களுக்கு. எனக்கு, கடன்காரர்கள் என் குழந்தையைப் பார்க்கிற பார்வை பயமாக இருந்தது, இவள்தான் ஏற்றிவிட்டாள் என்பது போல. அதைவிடப் பெரிய பயம் வேறு. அவளுக்கு ஏழு மாதம் ஆனபோது நானும் இவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, பீரோ நகர்த்துகிற மாதிரி அவளைக் குளியலறைக்குக் கொண்டுபோனோம். ஒன்பது மாதத்தில் அதுவும் முடியவில்லை. தரையில் பாய் விரித்து, அவள் கிடக்கிற இடத்துக்கு நான் போய்ப் படுத்துப் பால் கொடுத்தேன். அவள் அழுதால் நானும் குனிந்து அவள் பக்கத்தில் தரையில் முகத்தை வைத்துக்கொள்வேன். தரையோடு தரையாக அணைத்துக்கொள்ளலாம், தட்டிக்கொடுக்கலாம், பாடலாம். தூக்க முடியாது. குழந்தை அழும்போது எழுந்து நின்று, தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வரை நடந்துபோய், அதோ பார் பிளேன் என்று காட்ட முடியாது.

அதைச் செய்தவர் ஆன்ட்டி. காலையில் அவர் சாவிக்கொத்து படியில் சத்தம் போடும்போதே லோச்சு கையைக் காலை உதைப்பாள். ஆன்ட்டி வருவார், எடுப்பார், தோளில் போடுவார், நடப்பார், பிளேன் காட்டுவார். லோச்சு அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எங்கோ மேலேயிருந்து என்னைப் பார்ப்பாள். நான் பாயில் உட்கார்ந்து மேலே பார்த்துச் சிரிப்பேன். ஒருநாள் ஆன்ட்டியைப் பார்த்து "ம்மா" என்றாள். ஆன்ட்டி உடனே, "பாலுக்குக் கேக்குது பாரு, பால்னு சொல்ல வரல அதுக்கு" என்றார். நான் ஆமாம் என்றேன். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

அப்புறம் ஒருநாள் மும்பையில் குறைத்தார்கள். பேப்பரில் முதல் பக்கத்தில் போட்டிருந்தது, வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு மகிழ்ச்சி என்று. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, லோச்சுவின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து இழுத்தேன். ஒரு குண்டுமணி குறையவில்லை. மறுநாள் இழுத்தேன். அடுத்த வாரமும். இரண்டாம் தடவையும் குறைத்தார்கள், மறுபடியும் முதல் பக்கம், மறுபடியும் மகிழ்ச்சி, லோச்சு மட்டும் பாறாங்கல்லாகப் பாயில் உட்கார்ந்து அந்தப் பேப்பரைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"வா, போய்க் கேட்டுட்டே வந்துடலாம்," என்று ஆன்ட்டிதான் கிளப்பினார். ஆட்டோவில் லோச்சு அவர் மடியில், நான் பக்கத்தில்.

வங்கி மேலாளர் ஜெபசிங் நாகர்கோவில்காரர், சின்ன வயசு, எதிரில் இருக்கிறவர்கள் அழுதுவிடுவார்களோ என்று எப்போதும் ஒரு டிஷ்யூ பெட்டியை முன்னால் தள்ளியே வைத்திருந்தார். நான் பேப்பரைக் காட்டினேன்.

"குறைச்சிருக்காங்கம்மா, உண்மைதான். ஆனா நான் உங்களுக்குக் குடுத்திருக்கறது மும்பைப் பணம் இல்லியே. எல்லாம் இந்தா, இந்த ஆன்ட்டி மாதிரி ஆளுக போட்ட பணம். இவங்களுக்கு இத்தனை வருஷத்துக்கு இத்தனை வட்டின்னு எழுதிக் குடுத்திருக்கேன். மும்பையில குறைச்சாச்சு, நாளையில இருந்து உங்களுக்கும் கம்மின்னு இவங்ககிட்ட சொல்ல முடியுமா? டெபாசிட் முதிர்ற வரைக்கும் எனக்கு அந்த விலைதான். அப்ப உங்க வட்டியும் மெதுவாத்தான எறங்கும்?"

"அப்ப ஏறும்போது ஏன் மெதுவா ஏறல?"

மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஏறும்போது... ஏறிடுதும்மா."

"நல்லா இருக்கு," என்றார் ஆன்ட்டி. "எக்சேஞ்ச்ல நாங்ககூட இப்படித்தான், பில்லு உடனே போயிரும், கனெக்‌ஷன்தான் வராது."

மேலாளர் வெட்கப்பட்டு, சமாதானமாக லோச்சுவை வாங்கிக்கொண்டார். அவர் கையில் அவள் ஒரு நொடி கனத்தாள், ஒரு நொடி லேசானாள், மறுபடி கனத்தாள். அவர் தோள்கள் தராசுத் தட்டுகள் போல ஏறி இறங்கின. வாங்கின இடத்துக்கும் கொடுத்த இடத்துக்கும் நடுவில் நிற்கிற மனிதர், என்ன செய்வார், மேசைமேல் உட்கார வைத்தார். அப்புறம்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு அதைச் சொன்னார்.

"உங்களோடது பழைய வகைக் கடன், எங்க பேங்க்கோட சொந்தக் கணக்கை வச்சு ஓடறது. மும்பை வட்டியோடயே நேராக் கட்டின வகை ஒண்ணு இருக்கு. ஒரு சின்னக் கட்டணம் கட்டி மாத்திக்கிட்டீங்கன்னா, அங்க குறைஞ்சது அதிகபட்சம் மூணு மாசத்துல இங்க வந்துரணும், நாங்க நெனச்சாலும் நிறுத்தி வைக்க முடியாது. ஆனா ஒண்ணு, அங்க ஏத்தினாலும் அதே மாதிரி வந்துரும்."

இனியும் ஏற்றினால், இன்னும் சீக்கிரமாக ஏறினால், தரை தாங்குமா, கட்டில் தாங்குமா, இவள் நெஞ்சு இவளையே தாங்குமா என்றெல்லாம் மனசு ஓடியது. இவரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். ஆன்ட்டி என் புடவையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"கையெழுத்துப் போடுடி. நானே எத்தனை நாளைக்குத் தூக்கிட்டுத் திரியறது? முழங்கையெல்லாம் வலிக்குது."

அவர் கையில் அவள் காய்ந்த துண்டு என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். மேலாளரிடம் திரும்பி, "எனக்கும் முதிரப் போகுதில்ல தம்பி? இனிமே என்ன தருவீங்க?" என்று கேட்டார். அவர் சொன்னார். பழையதைவிட ஒன்றரை சதவீதம் குறைவு. "சரி, ரெண்டு மாத்திரையில ஒண்ணை முழுங்கிக்கறேன்," என்று சிரித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். டிஷ்யூ பெட்டியை மேலாளர் எனக்கு நகர்த்துவதா ஆன்ட்டிக்கு நகர்த்துவதா என்று தெரியாமல் நடுவில் விட்டார்.

இதற்கிடையில் லோச்சுவுக்கு வயது ஒன்று முடிந்து காதுகுத்து வந்தது. காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி. என் தம்பி சசிதரன் ஓசூரில் வேலை பார்க்கிறான், சம்பளம் ஓசூருக்கே பத்தாது. "சீர் பெரிசா வேணாம்டா, நீ வந்து உக்காந்தா போதும்" என்று போனில் பத்துத் தடவை சொன்னேன். வந்து இறங்கினான். தாம்பாளம் தாம்பாளமாக இறக்கினான். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கிண்ணம், தங்கத் தோடு, கழுத்துக்குச் சங்கிலி, ஆளுயர வாழைத்தார், மூன்று வகை ஸ்வீட். பொன்னி நிவாஸே வாயைப் பிளந்தது.

"எப்பிடிடா?"

"தாய்மாமன்னா சும்மாவாக்கா. பர்சனல் லோன் போட்டேன். ஆப்லயே குடுக்கறான், அஞ்சு நிமிஷம்."

வீட்டுக் கடனைப்போல இரண்டு பங்கு வட்டி அதற்கு. கீழ்த்தளத்தில் போட்டிருந்த மணையில் சசி சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாலையைச் சரிசெய்துகொண்டு, மடியைத் தட்டிக் காட்டினான். ஆன்ட்டி லோச்சுவைத் தூக்கி வந்தார். அந்த வாரம்தான் அவர் டெபாசிட் முதிர்ந்து புது வட்டிக்குத் திரும்பியிருந்தது. இரண்டு கையாலும் தூக்கி வந்தார், நடுவில் ஒருதரம் தூணில் சாய்ந்து நின்றார். பட்டுப்புடவை தடுக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

லோச்சு மடியில் இறங்கியதும் சசியின் சிரிப்பு அப்படியே நின்றது. மணை கிரீச்சென்றது.

"என்ன தம்பி, மாமன் மடி தாங்கலியா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"சீர் பலமாச்சே, அந்தக் கனம்," என்றார் மூன்றாம் மாடிக்காரர், தானும் பட்ட அனுபவத்தில்.

"பத்தர் ஐயா, சீக்கிரம்," என்றான் சசி, பல்லைக் கடித்துக்கொண்டு. காதுகுத்த வந்த பத்தர் சீக்கிரப்படுகிற மனிதரில்லை. மையால் புள்ளி வைத்தார், எட்ட நின்று பார்த்தார், இன்னொரு புள்ளி வைத்தார். வலது காதில் ஊசி இறங்கியது. லோச்சு வீறிட்டாள், அந்த வீறிடலில் சசியின் கால் மரத்துப்போய் அவன் பக்கவாட்டில் சாய, அவள் சறுக்கி ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள், காதில் ஒரு சொட்டு ரத்தம், முகமெல்லாம் கண்ணீர். இரண்டு கையையும் நீட்டினாள். ஆன்ட்டியைப் பார்த்து.

ஆன்ட்டி குனிந்தார். அக்குளில் கைகொடுத்தார். இழுத்தார். குனிந்தபடியே நின்று இன்னொரு தரம் இழுத்தார். தவில்காரர்கள் எதையோ பார்த்து அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆன்ட்டி நிமிரவில்லை, முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"நித்திலா, எனக்கு வரலடி."

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பயந்திருப்பேன். மாதக்கணக்காக எந்தப் பலத்தோடு இழுத்துத் தோற்றேனோ அதே பலத்தோடு கைகொடுத்து இழுத்தேன், அவள் விருட்டென்று மேலே வந்தாள், வந்த வேகத்தில் நான் இரண்டடி பின்னால் போய்ப் பூங்காவனத்தின் மேல் மோதி நின்றேன். வட்டி இறங்கிவிட்டது என்று அதே நேரத்தில் வங்கிச் செய்தி வந்திருந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தேன். என் இடுப்பில் ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம். அவள் தலைச் சந்தனம் என் கன்னத்தில். ஒரு வயதுக் குழந்தை எவ்வளவு கனக்க வேண்டுமோ அவ்வளவு கனத்தாள். நின்றுகொண்டு என் குழந்தையை வைத்திருக்கிறேன் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று.

ஆனால் அவள் அழுகையை நிறுத்தவில்லை. என் தோளுக்கு மேலாக, உடம்பையே வில்லாக வளைத்து, கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். ஆன்ட்டி ஜமுக்காளத்தில் அப்படியே உட்கார்ந்து, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனை மாதமாக எதை நினைத்துப் பயந்தேனோ அது இதுதான். என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தரிடம் போகத் துடிக்கிறாள். கட்டிப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இப்போது என்னால் முடியும்.

நடந்துபோய் ஆன்ட்டியின் எதிரில் உட்கார்ந்தேன். லோச்சுவை அவர் மடியில் வைத்தேன். வைத்த கையை எடுக்காமல் அடியிலேயே கொடுத்துத் தாங்கிக்கொண்டேன்.

"கனக்குதா ஆன்ட்டி?"

"கனக்குது. விட்டுடாத."

"விடல."

லோச்சு ஆன்ட்டியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு கையால் என் தாலிச் செயினைப் பிடித்துக்கொண்டாள். அழுகை விக்கலாகியது.

"இன்னொரு காது இருக்கே," என்றார் பத்தர். "மாமன் மடி முறையாச்சே, இப்ப எப்படி?"

"மாமன் இங்கதான் இருக்கேன்," என்று மரத்த காலை இழுத்துக்கொண்டு தவழ்ந்தே வந்தான் சசி. "தலையை நான் பிடிச்சுக்கறேன். இதுக்கு லோன் கீன் வேணாம்ல?"

என் மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் ஒரு வெற்றிலையை அவர் கையில் கொடுத்தார். இடது காதில் ஊசி இறங்கியது, எங்கள் நாலு பேர் உடம்பும் ஒன்றாகத் துள்ளியது, தவில் மறுபடி கிளம்பியது.

பந்திக்கு எல்லோரும் எழுந்து போன பிறகும் நாங்கள் இரண்டு பேரும் ஜமுக்காளத்திலேயே இருந்தோம். ராமதுரை இலைக்குப் போகிற வழியில் நின்று, மும்பையில் அடுத்த கூட்டம் ஆடி மாதக் கடைசியில் என்றும், இந்தத் தடவை என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டோம். லோச்சு ஆன்ட்டியின் மடியில், என் கைகளின்மேல், தூங்கிப் போயிருந்தாள்.